வைன்காரிக்கு நான் மூக்கு

முதன்முதலாக ஒரு வைன் கிளாஸ் என் முகத்துக்கு நேரே நீட்டப்பட்டபோது என் கையில் உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற கத்தி இருந்தது. பின்னேரம் மூன்றரை மணி. மெல்பேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு போர்த்துக்கீச உணவகத்தின் குசினி அது. கிளாஸை நீட்டியவள் அந்த உணவகத்தின் வைன் பொறுப்பாளர். அன்றைக்கென்று பார்த்து வெள்ளிக்கிழமை, நான் விரதம். முருகா, இதென்ன சோதனை என்று இரண்டடி பின்னால் போனேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, "குடிக்க வேண்டாம் அக்கா. மணந்து மட்டும் சொல்லுங்கோ" என்றாள். நாங்கள் இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலத்தில். இங்கே அதை என் தமிழில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அவள் சொன்னவை எல்லாம் என் தலைக்குள் இப்போது தமிழாகவே இருக்கின்றன.

அவளை நான் வீட்டில் 'எங்கட வைன்காரி' என்றுதான் சொல்வேன். என் வயதுதான் அவளுக்கும், நாற்பத்தாறு. ஆனாலும் நான் அவளுக்கு அக்கா. குசினியில் பகுதிநேரமாக வேலை செய்த யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி என்னை அக்கா என்று கூப்பிட, அதுதான் என் பெயராக்கும் என்று நினைத்து எல்லோரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் நான் அக்கா. திருத்தப் போனால் விளக்கம் சொல்லி மாளாது என்று விட்டுவிட்டேன். கிரெய்கிபர்னில் இருந்து ட்ரெயின் பிடித்து வந்து, கிழங்கு சீவி, வெங்காயம் வெட்டி, உப்புக் கொட் மீனை இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைப்பதுதான் என் வேலை. பக்கல்யாவ் என்பார்கள் அதை. நம் கருவாட்டுக்கு மூத்த அண்ணன் மாதிரி ஒரு சாமான். வெளியே சாப்பாட்டு மேசைப் பக்கம் எனக்கு வேலையே இல்லை. மதுவோடு எனக்கு இருந்த பழக்கம், நண்பர்கள் வீட்டுப் பிறந்தநாள்களில் ஆண்கள் எல்லோரும் கராஜுக்குள் விஸ்கியோடு இருக்க, பெண்கள் நாங்கள் உள்ளே சோற்றுச் சட்டியைக் காவல் காத்ததுதான். பத்து மணிக்குப் பிறகு வந்து ஆறிப்போன கறியைச் சாப்பிட்டுவிட்டு 'உப்புக் கூடிப்போச்சு' என்பார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

வைன்காரி ஏன் என்னிடம் வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் கோவிட் வந்தது. எனக்கு ஐந்து நாள் மணம் போய், ஆறாம் நாள் கறிவேப்பிலை தாளித்தபோது திரும்பி வந்தது. அவளுக்குப் போனது போனதுதான். வைனை முகர்ந்து, பழுதில்லை என்று கண்டு, எந்தச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு மூக்கு இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் அந்த வேலையில் அவளுக்கு ஒருநாளும் இடமில்லை. இருபது வருடமாக அவள் செய்த ஒரே தொழில் அது. தெரியாத மாதிரி இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறாள். அந்த நேரத்தில்தான், கீரையும் கிழங்கும் போட்டு அவர்கள் காய்ச்சுகிற சூப்புச் சட்டிக்கு மேலே நான் குனிந்து, வாயில் வைக்காமலே 'உப்புக் காணாது' என்று சொன்னதைக் கண்டாள். முதலாளி அகப்பையால் எடுத்து ருசி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. கோயிலுக்குச் சமைத்தாலும் வீட்டில் படையலுக்குச் சமைத்தாலும் படைத்து முடியும்வரை நாங்கள் வாயில் வைக்கமாட்டோம். த பேசின் என்கிற இடத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கு விசேஷ நாள்களில் அன்னதானத்துக்குச் சமைக்கப் போவேன். முந்நூறு பேருக்கான சாம்பார், ஒரு சொட்டும் நாக்கில் படாது. ஆவியிலேயே உப்பும் புளியும் பிடிபட வேண்டும். முப்பது வருடம் அப்படிச் சமைத்தால் யாருடைய மூக்கும் கூர்மையாகிவிடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கதவு திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எங்களுடையது. அவள் போத்தல்களைத் திறப்பாள், நான் முகர்வேன். அவளுடைய நாக்கு வேலை செய்தது. புளிப்பு, உப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் அவளுக்குத் தெரியும். மணம் முழுக்க என் பொறுப்பு. பழுதான போத்தலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதல் வாரத்திலேயே காட்டிவிட்டாள். சில போத்தல்களில் மூடியிருக்கிற தக்கை கெட்டுப்போய் வைனுக்குள் ஒரு பூஞ்சை வாடையை இறக்கிவிடும். மழையில் நனைந்து காயாத சாக்கு என்று நான் சொன்னேன். அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். என்னிடம் வைன்காரரின் சொற்கள் ஒன்றும் இல்லை. வேப்பம்பூ, தோடம்பழத் தோல், ஜம்புப்பழம், முற்றாத மாங்காயின் காம்பு, மழை பெய்யத் தொடங்கும்போது வெறுங்கல்லில் வருகிற வாசம் என்று வாயில் வந்ததைச் சொல்வேன். ஜம்பு என்றால் என்ன என்று அவள் அரைமணி நேரம் கேள்வி கேட்பாள். பிறகு வெளியே போய், மேசையில் இருப்பவர்களிடம் எவ்வளவு அழகாகச் சொல்வாள் தெரியுமா! என் மாங்காய்க் காம்பு அவளுடைய வாயில் பெரிய மனிசராகிவிடும்.

நாங்கள் அதிகம் திறந்தது அல்வரீனியோ. முந்திரிகை என்று நாங்கள் சொல்கிற திராட்சையில் ஒரு வெள்ளை ரகத்தின் பெயர் அது, அதில் இருந்து எடுக்கிற வைனுக்கும் அதுவே பெயர். போர்த்துக்கல்லின் வடக்கு எல்லையில், மின்யோ என்கிற ஆற்றங்கரையில், மொன்ஸாவோ என்றொரு ஊர் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்பெயின். அவர்களும் இதே பழத்தை வேறு உச்சரிப்பில் தங்களுடையது என்பார்கள், அதைச் சொன்னால் வைன்காரிக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அந்தப் பகுதி முழுவதன் வைனுக்கும் 'பச்சை வைன்' என்று பொதுப்பெயர். பச்சையாக இருக்காது, வைக்கோல் நிறம்தான். இளசாகக் குடிப்பது, பச்சைப்பசேலென்ற நாட்டில் விளைவது என்று அவள் காரணம் சொன்னாள். ஆனால் மொன்ஸாவோவில் மலைகள் கடற்காற்றையும் மழையையும் மறித்துக்கொண்டு நிற்பதால் கொஞ்சம் வெயில் கூட. நிலம் கருங்கல் உடைந்த மண். பழம் சின்னது, தோல் தடிப்பு, சாறு குறைவு. அதனால் அங்கத்தைய அல்வரீனியோ மற்றவற்றைப் போல் இல்லாமல் பத்து வருடமும் தாங்கும். அவளுடைய தகப்பனுக்கு அங்கே ஒரு சின்னத் தோட்டம். கொடியைப் பந்தலில் ஏற்றி, கீழே கோவா என்கிற முட்டைக்கோஸ் நடுவாராம். யாழ்ப்பாணத்திலும் முந்திரிகையைப் பந்தலில்தான் விடுவோம் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. போனில் படம் தேடி எடுத்துக் காட்டினேன்.

இன்னொன்றையும் காட்டினேன், எங்கள் வாயில் இருக்கிற அவர்களுடைய சொற்களை. கதிரை, குசினி, சப்பாத்து, சன்னல் என்று நான் சொல்லச் சொல்ல அவள் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கைதட்டினாள். சும்மா விடுவேனா? "யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்திலை உங்கட ஆக்கள் எங்கட கோயிலுகளை இடிச்சுப்போட்டு, இருக்கிறதுக்குக் கதிரையைத் தந்திட்டுப் போனவை" என்றேன். அவள் கைதட்டுவதை நிறுத்தினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை த பேசினுக்கு என்னோடு வந்து, காலைக் கழுவிவிட்டுப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றாள். அன்னதானத்தில் வாழைக்காய்க் கறியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பாட்டுக்கு வைனைச் சேர்க்கிற வித்தையை அவளிடம்தான் பார்த்தேன். உள்ளிப்பூண்டும் கொத்தமல்லியும் போட்டு அவித்த மட்டிக்கு அல்வரீனியோ. தணலில் வாட்டிய சாளை மீனுக்கும் அதுவே, அந்த மீனெண்ணெயை வைனின் புளிப்பு கழுவிக்கொண்டு போகும். பக்கல்யாவுக்குச் சிவப்பு வைன் கேட்கிறவர்களும் உண்டு, அவள் சண்டை பிடித்து இதை ஊற்றிக் கொடுப்பாள். நான் ஒருநாள் வீட்டில் இருந்து முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு கொண்டுபோனேன். புளிக்குப் புளிப்பு எப்படிச் சேரும் என்று கேட்டேன். சாப்பாட்டில் எவ்வளவு புளி இருக்கிறதோ அவ்வளவாவது வைனிலும் இருக்க வேண்டும், குறைந்தால்தான் வைன் தண்ணீராகிவிடும் என்றாள். விரலைச் சூப்பிச் சூப்பி நண்டை முடித்துவிட்டு, இதற்கு விஸ்கி குடிக்கிறவர்களைச் சிறையில் போட வேண்டும் என்றாள். அதை என் மனுசனிடம் வந்து சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இப்படி ஏழு மாதம் போனது. பிறகு வந்தது அந்த மதியச் சாப்பாடு. போர்த்துக்கல்லில் இருந்து வைன் இறக்குமதி செய்கிற ஒருவரை முதலாளி அழைத்திருந்தார். மொன்ஸாவோ வைன்களில் எதை எடுப்பது என்று வைன்காரி அவருக்கு ஊற்றிக் காட்ட வேண்டும். முதலாளிக்கு ஏற்கெனவே அவள்மேல் ஒரு சந்தேகக் கண். கொஞ்ச நாளாக அவள் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோவது ஒரு சடங்கு மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு பிழை விட்டால் தன் கதை முடிந்தது என்று அவளே என்னிடம் சொன்னாள். காலையிலேயே ஊற்றவேண்டிய ஐந்து போத்தலையும் திறந்து வைத்தோம். நான்கும் நல்லவை. ஐந்தாவதற்கு லேபல் இல்லை. அவளுடைய தகப்பன் கடைசியாக எடுத்த வைன், தம்பிக்காரன் சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டுவந்தது. விற்பதற்கில்லை, கடைசியில் ஒரு வாய் ஊற்றி, 'இதுதான் எங்கள் ஊர்' என்று சொல்வதற்கு. "இண்டைக்கு அப்பா போய் ஒரு வருசம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே கிளாஸை நீட்டினாள்.

நான் முகர்ந்தேன். நனைந்த சாக்கு. சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வருடம் என்றால் எங்களுக்கு அது ஆட்டைத் திவசம். திவசச் சோற்றுக்கு யாரும் குறை சொல்வதில்லை. உப்பில்லாவிட்டாலும், பருப்பு அடிப்பிடித்திருந்தாலும், போனவருக்குப் படைத்ததை நல்லது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு எழும்புவதுதான் வழக்கம். சின்ன வயதில் ஒரு திவசத்தில் 'பாயாசம் புகைமணக்குது' என்று சொல்லி அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவள் நான். தகப்பனின் கையால் எடுத்த கடைசி வைன், அவருடைய ஆட்டை நாள், மகள் கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறாள். "நல்லாயிருக்கு" என்று சொன்னேன். அவள் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தாள். ஏதோ சப்பென்று இருக்கிறது என்றாள். பிறகு, தன்னுடைய வாயை இப்போது நம்ப முடியாதுதானே என்று அவளே சிரித்துவிட்டுப் போனாள். எவ்வளவு பெரிய மடைச்சி நான்!

குசினிக் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. அதற்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு போத்தலுக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஐந்தாவதை ஊற்றி அவள் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். இறக்குமதிக்காரர் முகர்ந்துவிட்டுக் கிளாஸை மெல்ல மேசையில் வைத்தார். முதலாளி முகர்ந்தார். "இது பழுது. நீ இதைப் பாக்கேல்லையா?" என்று கேட்டார். அவள் திரும்பி அந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. ஈரக்கையோடு ஏப்ரனோடு வெளியே போய், பிழை என்னுடையது, தெரிந்துகொண்டே நல்லது என்று சொன்னேன் என்றேன். முதலாளி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கிழங்கு சீவுகிற அக்காவுக்கும் வைனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. அந்த இடத்தில் அவள் எதையும் சொல்லித் தப்பியிருக்கலாம். இந்த மனுசிக்குப் பைத்தியம் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள். ஆனால் அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு ஒன்பது மாசமா ஒண்டும் மணக்கிறதில்லை. இஞ்ச நீங்கள் குடிச்ச எல்லாத்தையும் மணந்து பாத்தது இவதான். என்னை என்னவும் செய்யுங்கோ. இவவைத் திரும்பவும் கிழங்கோட விட்டிடாதையுங்கோ."

எனக்காக இப்படி ஒரு வார்த்தை சொன்னவர்கள் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தன்னுடைய பிழைப்புக் கைவிட்டுப் போகிற அதே நிமிடத்தில், அதை விழுத்திவிட்டவளுக்காகப் பேசினாள். நான் அந்த இடத்திலேயே நின்று அழுதேன். விருந்தாளி எழுந்து எனக்குத் தன் கதிரையைத் தந்தார்.

பிறகு பின்பக்கத்து ஒழுங்கையில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றோம். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாள். ஆட்டைத் திவசத்தைப் பற்றிச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். தன் தகப்பன் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் போத்தலுக்கு முதல் குறை சொல்லியிருப்பவர் அவர்தான், கோவாப் பாத்திக்குள் ஊற்றிவிட்டு அடுத்ததை உடைத்திருப்பார் என்றாள். "இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. அதிலை என்ன மணந்தது?" என்றாள். நனைந்த சாக்கு என்றேன். அவள் சுவரில் சாய்ந்தாள். "அப்ப அது தக்கையின்ர பிழை அக்கா. அப்பாவின்ர பிழை இல்லை" என்றாள். அவளுடைய முகம் தெளிந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் யாருடைய குறையை மூடினேனோ அந்த மனிதரிடம் குறையே இருக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு போத்தல்தான் போயிருக்கும்.

முதலாளி நல்ல மனிசர், வேண்டுமானால் மேசை பரிமாறும் வேலையில் இரு என்றார். அவள் இருக்கவில்லை. சிட்னிக்குப் போய்விட்டாள், அங்கே சிநேகிதி ஒருத்தியின் பேக்கரியில் முட்டைக் கஸ்டர்ட் டார்ட் விற்கிறாள். மணம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதாம், ஆனால் கோப்பி எரிந்த ரப்பர் மாதிரி மணக்கிறதாம். உணவகத்துக்குப் புதிய வைன் பொறுப்பாளர் வந்திருக்கிறார். அவர் குடித்துப் பார்க்கிறவர், நான் முகர்ந்து பார்க்கிறவள். என்னுடைய மூக்கைத் தாண்டாமல் எந்தப் போத்தலும் மேசைக்குப் போவதில்லை. கிழங்கு சீவ வேறு ஆள். இன்னமும் ஒரு சொட்டுக் குடித்ததில்லை என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள், என் மனுசன் சிரிப்பதில்லை. 'பிள்ளையாருக்குச் சமைக்கிற கையால சாராயப் போத்தலோ' என்று கோயிலில் ஒரு அன்ரி கேட்டபோது, கை இல்லை அன்ரி, மூக்கு என்று மனுசன்தான் பதில் சொன்னார்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் அவள் கிரெய்கிபர்னுக்கு வந்தாள். நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். பைக்குள் இருந்து லேபல் இல்லாத ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். தம்பி கொண்டுவந்தது இரண்டு போத்தலாம், இதற்குப் பிறகு அப்பாவின் வைன் உலகத்தில் எங்கும் இல்லையாம். இதை ஏன் இப்போது திறக்கிறாய், மணம் முழுவதும் திரும்பி வரும்வரை வைத்திரு என்று நானும் மனுசனும் மாறி மாறிச் சொன்னோம். கேட்கவில்லை. தக்கையைப் பிடுங்கி, கிளாஸில் ஊற்றி, முதலில் என்னிடம் தந்தாள். பயந்து பயந்துதான் குனிந்தேன். கடவுளே, என்ன ஒரு வாசம்! அவளிடம் ஒன்றும் சொல்ல முதலே அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். கிளாஸை வாங்கி ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வைத்திருந்து, பிறகு விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள்.

"புளிப்பு எனக்குத் தெரியுது அக்கா. மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் மறைக்கவில்லை. நண்டுக் குழம்பு ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.